சிப்பி பானையில் வேகட்டும், ஓவனில் சிவக்கட்டும்

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்குப் பூண்டு, வெண்ணெய், ரொட்டித்தூள் வைத்துச் சுட்ட பச்சைச் சிப்பி செய்ய நினைப்பவர்கள் ஒன்றை முதலில் மனத்தில் வைக்க வேண்டும். சதை வேகும் இடம் பானை. ஓவனின் வேலை மேற்பூச்சைச் சிவக்க வைப்பது மட்டும். இரண்டையும் ஓவனிடமே ஒப்படைப்பதால்தான் அடியில் நீர் தேங்கி, தூள் சொதசொதத்து, சதை ரப்பராகிவிடுகிறது.

முதல் தவறு சந்தையிலேயே தொடங்குகிறது. சௌராஸ்தா சந்தையில் கூப்பாங் என்ற பச்சைச் சிப்பியை வாங்கிப் பிளாஸ்டிக் பையை இறுகக் கட்டிக்கொண்டு பினாங்கு வெயிலில் சுற்றினால், உயிருள்ள சிப்பி மூச்சுமுட்டிச் செத்துவிடும். குழாய் நீரில் ஊறப்போட்டாலும் அதே கதிதான். ஈரத்துணி போர்த்தித் திறந்த பாத்திரத்தில் குளிர்பெட்டியில் வையுங்கள். சமைக்கும் முன் வாய் திறந்திருப்பதைத் தட்டிப் பாருங்கள், மூடிக்கொள்ளாததை எறிந்துவிடுங்கள். ஓட்டின் விளிம்பில் தொங்கும் நாரைச் சமைப்பதற்குச் சற்று முன்புதான் பிடுங்க வேண்டும்.

புதிதாக இருந்தால் போதும், நன்றாக வேகவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை ஆபத்தானது. நச்சுப்பாசியை உண்ட சிப்பியின் விஷம் சமையல் சூட்டில் அழியாது. 2024 ஏப்ரலில் போர்ட்டிக்சன் சிப்பியைச் சாப்பிட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது இதனால்தான். மீன்வளத் துறை எச்சரிக்கை விடுத்த பகுதியின் சிப்பியை விலை மலிவு என்று வாங்காதீர்கள். எனக்கு இதில் சமரசமே கிடையாது.

பானையில் கொஞ்சம் நீர் கொதித்ததும் சிப்பியைப் போட்டு மூடுங்கள். வாய் திறந்தபின் இன்னும் மூன்று நான்கு நிமிடம் ஆவியில் இருக்கட்டும். கடைசிவரை திறக்காததை வீசிவிடுங்கள். பானையில் மிஞ்சும் சாற்றைக் கொட்டுவதுதான் எனக்கு மிகவும் வருத்தமான தவறு. அதை மெல்லிய துணியில் வடிகட்டி, இரண்டு கரண்டியாகச் சுண்டவைத்து வெண்ணெயில் கலந்தால், கடலின் ருசி முழுவதும் மேற்பூச்சில் இறங்கிவிடும். அதிலேயே உப்பு உண்டு; தனியாகச் சேர்க்க வேண்டாம்.

பேரங்காடி உறைபெட்டியில் பாதி ஓட்டோடு கிடைக்கும் நியூசிலாந்துச் சிப்பி பெரும்பாலும் ஏற்கெனவே வெந்தது. பாக்கெட்டைப் படித்துப் பாருங்கள். வெந்தது என்றிருந்தால் பானை வேலை இல்லை. முந்தின இரவே குளிர்பெட்டிக்குள் பனி நீங்கவிட்டு, வடியும் நீரைக் கொட்டினால் போதும். எந்தச் சிப்பியானாலும் சதையைத் துணியால் ஒற்றி ஈரம் போக்காமல் பூச்சு வைக்காதீர்கள். சீஸை அள்ளிக் குவித்தாலும் எண்ணெய் கக்கும்; ஒரு சிட்டிகை போதும்.

தட்டில் கல்லுப்பைப் பரப்பி அதன்மேல் ஓடுகளைப் பதியவைத்தால் சாயாது. ஓவனை 220 டிகிரிக்கு முன்னரே சூடாக்கி, மேல்தட்டில் ஐந்தாறு நிமிடம் வையுங்கள். தூள் பொன்னிறமாகி விளிம்பில் வெண்ணெய் கொப்பளிக்கும்போது எடுத்துவிட வேண்டும். சிப்பியைச் சுட்டபின்தான் கஸ்தூரி எலுமிச்சையைப் பிழிய வேண்டும்.

விருந்தாளிகள் வருமுன்னரே எல்லாவற்றையும் சுட்டு மேசையில் அடுக்காதீர்கள். பூச்சு வைத்த தட்டுகள் குளிர்பெட்டியில் காத்திருக்கட்டும்; ஒன்று காலியாகும்போது அடுத்ததை உள்ளே தள்ளுங்கள்.