பழைய .22 ரைபிளுக்கு எந்த ரவை வாங்குவது

படுவான்கரையில் (மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை), வயல்வெளி வட்டை வாடிகளில் துவக்கு என்றால் பெரும்பாலும் சிறு குண்டுகள் சிதறச் சுடும் பன்னிரண்டு போர்தான். குழல் வாய் ஏறக்குறைய 0.22 அங்குலமுள்ள .22 ரைபிள் வைத்திருப்பவர்கள் குறைவு, அதனால் அதைப் பற்றி விசாரிக்கவும் ஆள் கிடைக்காது. பெரியப்பாவின் பழைய ஒற்றை ரவை ரைபிள் அனுமதிப்பத்திரம் மாற்றி என் கைக்கு வந்தபோது, வேகம் கூடின ரவைதான் (தோட்டாதான்) நல்லது என்று நினைத்து அதையே வாங்கினேன். மூன்றாவது வெடியிலேயே கோது, அதாவது ரவையின் உலோக உறை, உள்ளே இறுகிவிட்டது. வாய்ப்பக்கம் இருந்து துடைக்கும் கம்பியை விட்டுத் தள்ளித்தான் எடுக்க முடிந்தது. லாம்பு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், கோதின் பக்கத்தில் மயிர் அளவு வெடிப்பு, அதைச் சுற்றிக் கரி.

அதனால் முதல் வேலை, ரவைப் பெட்டியைப் பார்ப்பதல்ல, குழலைப் பார்ப்பது. எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு அதில் வெட்டியிருக்கும் எழுத்தை வாசியுங்கள். .22 என்று மட்டும் பார்த்து வாங்கினால் போதாது, ஏனென்றால் .22 என்ற பெயரில் பல ரவைகள் உண்டு. ஷார்ட் 1857இல் வந்தது, இன்று எல்லோரும் பாவிக்கும் லாங் ரைபிள் 1887இல் வந்தது, மேக்னம் 1959இல். லாங் ரைபிள் குழலில் ஷார்ட் போகும், வெடிக்கும், ஆனால் நெடுக அதையே சுட்டால் கோது இருக்கும் இடத்துக்கு முன்னால் கரியும் தேய்வும் வளையமாக விழுந்து, பிறகு நீளமான கோது அங்கே சிக்கும். ஷார்ட் என்று மட்டும் வெட்டிய குழலில் லாங் ரைபிளை அமத்தி ஏற்றவே கூடாது. மேக்னம் கோது பருமன் கூட, அந்தக் குழலில் லாங் ரைபிள் லொடலொடவென்று உட்கார்ந்து சுடும்போது பிளந்துவிடும். எழுத்து அழிந்து போயிருந்தால் ஊகத்தில் சுட வேண்டாம், துவக்கு திருத்தத் தெரிந்த ஒருவரிடம் அளந்து பார்க்கக் கொடுங்கள்.

சரி, லாங் ரைபிள்தான் என்று தெரிந்துவிட்டதா? அப்படியென்றால் 'ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி' என்று எழுதிய, 40 கிரெய்ன் (ஏறக்குறைய 2.6 கிராம்) ஈயச் சன்னம், அதாவது பறந்து போகும் குண்டு, உள்ள ரவையை வாங்குங்கள். தானாக ஏற்றும் துவக்குக்குத்தான் உள்ளே உள்ள பூட்டை (ரவைக்குப் பின்னால் குழலை அடைக்கும் பாகத்தை) தள்ள வேகம் வேண்டும், ஒவ்வொன்றாகக் கையால் ஏற்றுகிற நமக்கு அது தேவையே இல்லை. இந்த ரவை செக்கனுக்கு ஏறக்குறைய 325 மீற்றர் போகும், ஒலியின் வேகத்துக்குக் கீழே, அதனால் சத்தமும் குறைவு, குறியும் நிலையாக விழும். வேகம் கூடின வகை 1930 அளவில்தான் சந்தைக்கு வந்தது, அதற்கு முந்திய துவக்கை அதை நினைத்துச் செய்யவில்லை. 60 கிரெய்ன் பாரச் சன்னத்தையும் விடுங்கள், பழைய குழலின் சுழிக்கு (குண்டைச் சுழற்றும் உள் வரிகளுக்கு) அது நேராகப் போகாது.

பன்றிக்கு, யானைக்கு இதைக் கொண்டு போகாதீர்கள். பன்றி காயத்தோடு ஓடிப் பற்றைக்குள் கிடந்து சாகும். யானையைச் சுடுவது சட்டப்படி குற்றம், குண்டு உடம்புக்குள்ளேயே தங்கிச் சீழ் கட்டி அது மாதக்கணக்கில் வேதனைப்படும்.

ஒரே வகை ரவையும் எல்லாத் துவக்குக்கும் ஒத்துவராது. இரண்டு மூன்று வகையில் கொஞ்சம் வாங்கி, பின்னால் மண் அணை உள்ள இடத்தில், மண் மூட்டையில் சாய்த்து 25 மீற்றரில் வகைக்குப் பத்து சுட்டுப் பாருங்கள். நெருக்கமாக விழுகிற வகையை, அனுமதிப்பத்திரத்தில் உள்ள அளவுக்குள், ஒரே லொட் இலக்கத்தில் (ஒரே தடவையில் செய்த தொகுதியில்) சேர்த்து வாங்குங்கள். சுட்ட கோது ஒவ்வொன்றையும் எடுத்துப் பாருங்கள். விளிம்பில் ஊசி குத்திய தடம் ஆழமாக இருக்க வேண்டும், வயிறு ஊதியோ வெடித்தோ இருந்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டுத் துவக்கைக் காட்டுங்கள்.

வெடிக்காத ரவைக்கு உடனே பூட்டைத் திறக்காதீர்கள். வாயை மண் அணைப் பக்கமே பிடித்துக்கொண்டு அரை நிமிடமாவது பொறுங்கள், சில நேரம் தாமதித்து வெடிக்கும். மாரிக்கு வாவிக் காற்றில் எல்லாம் பூக்கும், கோதில் பச்சை பிடித்த பழைய பெட்டியை நம்பிச் சுட வேண்டாம். புதியதை இறுக்கமான மூடியுள்ள தகரப் பேணியில், ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு, துவக்கு இருக்கும் அலுமாரியில் அல்லாமல் வேறோர் இடத்தில் பூட்டி வையுங்கள்.