இரண்டரை நிமிட ஆட்டம்: லெகோ லீக் மேசையில் ஆடும் முறை

ரோபோ போட்டி என்றதும் இரண்டு எந்திரங்கள் முட்டி மோதும் என்று நினைத்துத்தான் பாதிப் பெற்றோர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடிக்கு ஏறி வருகிறார்கள். ஃபர்ஸ்ட் லெகோ லீக் சேலஞ்சில் மோதலே கிடையாது. ஒரு மேசை, அதில் விரித்த மேட், அதன்மேல் லெகோவில் கட்டிய சின்னச் சின்ன மாடல்கள். பிள்ளைகள் கட்டிய ரோபோ தானாக ஓடி அவற்றைத் தள்ளி, தூக்கி, திருப்பிப் புள்ளி எடுக்க வேண்டும். ரிமோட் கிடையாது. நேரம் 150 விநாடி.

நான் நெய்வேலியில் கன்வேயர் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். தெருப் பிள்ளைகளுக்கு இதில் துணை நிற்கிறேன். கன்வேயர் வேலையில் கற்ற புத்திதான் இங்கேயும்: ஒருமுறை பிரமாதமாக ஓடுவது முக்கியமில்லை, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஓட வேண்டும்.

முதலில் மேசை. கடையில் கிடைக்கும் 8க்கு 4 அடி பிளைவுட் ஒன்று போதும். சுற்றிலும் சட்டம் அடித்தபின் உள்ளளவு 2362 மி.மீ.க்கு 1143 மி.மீ. வர வேண்டும். ஆசாரியிடம் "சுமாராக" என்ற சொல்லை மட்டும் சொல்லிவிடாதீர்கள். சுவரில் முதுகை ஒட்டி நேராகிக்கொள்ளும் ரோபோவுக்குச் சட்டம் கோணினால் எல்லாமே கோணும்.

மேட்டின் இரு மூலைகளில் கிளம்பும் இடங்கள் இருக்கின்றன. ரோபோ முழுதாக அதற்குள் நின்று, பிள்ளை பட்டனை அழுத்திக் கையை எடுத்ததும் பயணம் தொடங்குகிறது. கிளம்பும் இடம் அடங்கிய வீட்டுப் பகுதிக்கு முழுதாகத் திரும்பிவிட்டால் தொடலாம், முன்னால் மாட்டிய கருவியைக் கழற்றி வேறு மாட்டலாம், மறுபடி அனுப்பலாம். மோட்டார் நான்குக்கு மேல் கூடாது. ஆட்டத்துக்கு முன் நடக்கும் பரிசோதனையில் ரோபோவும் சாமான்களும் ஒரே கிளம்பும் இடத்துக்குள், 305 மி.மீ. உயரத்துக்குள் அடங்கினால் 20 புள்ளி. இதை விடுகிற அணியைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

இனி டோக்கன் கணக்கு. ஆட்டமே இங்கேதான் இருக்கிறது, நிதானமாகப் படியுங்கள். தொடக்கத்தில் 6 டோக்கன் தருவார்கள். வெளியே சிக்கிக்கொண்ட ரோபோவைக் கையால் எடுத்தால் ஒன்று போகும். முடிவில் ஆறோ ஐந்தோ மிஞ்சியிருந்தால் 50 புள்ளி, நான்கு என்றால் 35, மூன்று 25, இரண்டு 15, ஒன்று 10. ஆக, முதல் முறை எடுப்பது இலவசம்! இது தெரியாமல் பிள்ளைகள் சுவரில் முட்டிச் சக்கரம் சுழலும் ரோபோவையே வெறித்துக்கொண்டு நிற்பார்கள், விநாடிகள் ஓடும். எடுத்துவிடச் சொல்லுங்கள். இரண்டாம் முறைக்கு 15 புள்ளி செலவு. அடுத்த பயணத்தில் 30, 40 புள்ளி காத்திருந்தால் அப்போதும் எடுப்பதுதான் லாபம். இதைத் தாளில் எழுதி மேசையோரம் ஒட்டியது எங்கள் அணியின் எட்டாம் வகுப்புப் பெண். யார் எடுப்பது, எப்போது எடுப்பது என்று அவள்தான் முடிவு சொல்வாள்.

பயணங்களைக் குறையுங்கள். ஐந்து பயணம் என்றால் நடுவில் நான்கு தடவை கருவி மாற்ற வேண்டும். ஒன்றுக்குப் பத்து விநாடி என்றாலும் 40 போய்விடும். மாடல்களில் செய்து முடிக்க வேண்டிய வேலைகளுக்கு மிஷன் என்று பெயர். அக்கம்பக்கத்து மிஷன்களை ஒரே கருவியால் முடிக்கப் பாருங்கள். வரிசையையும் யோசியுங்கள், ஏனென்றால் பெரும்பாலான மிஷன்களுக்கு மணி அடிக்கும்போது மேசையில் கண்ணுக்குத் தெரிவதற்குத்தான் புள்ளி. 2024-25 சீசன் கடலைப் பற்றியது. அதில் மூழ்கிய கப்பலின் பாய்மரத்தை நிமிர்த்தினால் 30. நிமிர்த்திவிட்டு, கடைசிப் பயணத்தில் ரோபோவின் வால் பட்டுச் சாய்ந்தால் ஒன்றுமில்லை. அந்தப் பக்கம் மறுபடி போகத் தேவையில்லாதபடி வரிசை போடுவது நல்லது.

மிஷன்கள் வருடா வருடம் மாறும். 2025-26இல் தொல்லியல். நமக்கு என்ன அதிர்ஷ்டம் பாருங்கள், பாண்டி ரோட்டில் அரியாங்குப்பம் இறங்கினால் அரிக்கமேடு. 1945இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் தோண்டி, ரோமானிய மண்பாண்டங்களைக் கண்ட இடம். ரோபோ ஆட்டத்தோடு ஆய்வுத் திட்டமும் செய்துகாட்ட வேண்டிய போட்டி இது. இவ்வளவு பக்கத்தில் இருப்பதை விடலாமா?

ரோபோ வழி தவறினால் புரோகிராமைத் திட்டாமல் சக்கரத்தைப் பாருங்கள். 56 மி.மீ. சக்கரம் ஒரு சுற்றுக்கு 17.6 செ.மீ. போகும். அது வழுக்காத வரையில்தான் இந்தக் கணக்கு. சில்வர் பீச்சில் ஆடிவிட்டு அதே காலோடு வருகிற பிள்ளைகள் கொண்டுவரும் மணல் மேட்டில் இருந்தால் திருப்பம் கெடும். ஈரத் துணியால் டயரைத் துடையுங்கள். திரும்பும் கோணத்தை அளக்கும் கைரோ சென்சார் இருந்தால், கிளம்புமுன் ரோபோ அசையாமல் நிற்கும்போது பூஜ்யமாக்குங்கள். மாடியில் சாயங்கால வெயில் சாய்வாக விழும். நிறம் பார்க்கும் சென்சாருக்கு அது ஆகாது. திரை போட்டுக்கொள்ளுங்கள்.

போட்டியில் இரண்டு மேசைகளை ஒட்டிப் போடுவார்கள். நடுவில் இரு அணிக்கும் பொதுவான மிஷன் ஒன்று இருக்கும். அந்த அணியை எதிரியாகப் பார்க்காதீர்கள், முன்கூட்டியே போய்ப் பேசச் சொல்லுங்கள். பிறரிடம் கண்ணியமாக நடப்பதையும் நடுவர் கவனித்துக் குறிப்பார்.

ஆட்டம் முடிந்ததும் ஒன்றையும் தொடக்கூடாது. நடுவரோடு சேர்ந்து பிள்ளைகளே மேசையைப் பார்த்து எண்ணுவார்கள். பெரியவர்கள் தள்ளி நிற்க வேண்டும். என் போன்றோருக்கு இதுதான் கஷ்டம். கோட்டில் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்ற நெருக்கமான சந்தேகம் வந்தால், சலுகை அணிக்குத்தான் என்று விதியே சொல்கிறது. அதை மரியாதையாக எடுத்துச் சொல்லப் பழக்குங்கள்.

மொத்தம் மூன்று சுற்று, அவற்றில் எது உயர்ந்ததோ அந்தச் சுற்றின் புள்ளிதான் கணக்கு. முதல் சுற்றில் தவறாமல் வரும் மிஷன்களை மட்டும் ஆடி ஒரு நல்ல எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பத்தில் நான்கு முறை மட்டும் வேலை செய்யும் அந்த ஆசை மிஷனை மூன்றாம் சுற்றில் விட்டுப் பார்க்கலாம்.