18 வயதில் இல்லத்தை விட்டு வெளியேறும் பிள்ளைகளுக்காக உழைப்பவரா? அசோகா ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பிக்கும் முறை

குழந்தைகள் இல்லங்களோடு வேலை செய்பவர்களுக்கு ஒரு சலிப்பு வருவது இயல்பு. ஒரு பிள்ளைக்கு விடுதி தேடிக் கொடுத்து முடிப்பதற்குள் அதே சிக்கலோடு அடுத்த பிள்ளை வந்து நிற்கும். அந்தச் சிக்கலை வேரிலேயே தீர்க்கத் துணிபவர்களுக்கான உதவிகளில் ஒன்று அசோகா ஃபெல்லோஷிப். சமூகச் சிக்கல்களுக்குப் புதிய தீர்வு காண்பவர்களைத் தேர்ந்தெடுத்து ஆதரிக்கும் அமைப்பு அசோகா. அமெரிக்கரான பில் டிரேட்டன் 1980-இல் தொடங்கிய இந்த அமைப்பின் முதல் ஃபெல்லோ (அதாவது, இந்த உதவிக்குத் தேர்வானவர்), மும்பை ஆசிரியை குளோரியா டி சூசா.

தேர்வானால் தேவையைப் பொறுத்து மூன்று ஆண்டுகள் வரை வாழ்க்கைச் செலவுக்கு உதவித்தொகை தருவார்கள். வேறு வேலைக்குப் போகாமல் முழுநேரமும் உங்கள் பணியிலேயே இருப்பதற்கான பணம் அது. கட்டடம் கட்டவோ திட்டம் நடத்தவோ நிதி தேடுபவர்கள் வேறு கதவைத்தான் தட்ட வேண்டும்.

படி 1: ஓட்டை எங்கே என்று கண்டுபிடியுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், இல்லத்தை விட்டு வெளியேறியவர்களுக்கு 18 வயது முதல் 21 வரை பிற்காப்பு உதவி, அதாவது சொந்தக் காலில் நிற்பதற்கான ஆதரவு, தர வழி செய்கிறது. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் இதற்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது.

இப்போது ஒரு பிள்ளை வெளியேறும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் ஒரு துணிப்பை, மாற்றுச் சான்றிதழ், இல்லத்தின் முகவரி போட்ட ஆதார் அட்டை. வாடகைக்கு அறை கேட்டால் "அப்பா அம்மாவை அழைத்து வா" என்பார்கள். பிற்காப்பு உதவிக்கான விண்ணப்பத்தை யார் எழுதியிருக்க வேண்டும்? எந்த மாதத்தில்? மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் அது எந்த மேசையில் நிற்கிறது? உங்கள் மாவட்டத்தில் இதற்கு விடை தேடுங்கள். வெளியேறிய இளைஞர்களிடமே முதலில் கேளுங்கள். அதிகாரிகளிடம் பிறகு போகலாம்.

படி 2: வென்ற ஒரு முயற்சியைப் பாடமாகப் படியுங்கள்

ஆபத்தில் இருக்கும் குழந்தைகளுக்கான 1098 தொலைபேசி உதவி எண்ணைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய ஜெரூ பில்லிமோரியா 1996-இல் இதைத் தொடங்கினார். அவரும் அசோகா ஃபெல்லோதான். தெருவில் வாழும் பிள்ளைகளுக்கு ஆபத்து வந்தால் யாரை அழைப்பது என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. கட்டணமில்லாத எண்ணைப் பெற்றார். பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்கும் எண் என்பதால் எழுத்தறியாத பிள்ளைக்கும் மனத்தில் நிற்கும். தொண்டு நிறுவனங்கள், போலீஸ், மருத்துவமனை எல்லாவற்றையும் அந்த ஒரு எண்ணோடு இணைத்தார். பின்னர் மத்திய அரசு அதை நாடு முழுவதும் கொண்டுபோனது. 2023-இல் அரசே நேரடியாக நடத்தத் தொடங்கியது. தொடங்கியவர் விலகிய பின்னும் ஓடுகிற ஏற்பாடு. தேர்வாளர்கள் தேடுவதும் இதைத்தான்.

படி 3: ஒரு பக்கம் எழுதுங்கள்

அசோகா ஐந்தைப் பார்க்கிறது: புதிய யோசனை, படைப்பாற்றல், தொழில்முனைவோருக்குரிய விடாப்பிடி, சமூகத்தில் ஏற்படும் தாக்கம், நேர்மை. முதலாவது இல்லையென்றால் மற்ற நான்கையும் பேசும் வாய்ப்பே வராது.

"எங்கள் அமைப்பு பல ஆண்டுகளாக ஆதரவற்ற இளைஞர்களுக்குச் சேவை செய்கிறது" என்று தொடங்காதீர்கள். அது நல்ல பணி. ஆனால் யோசனை என்னவென்று அதில் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "17 வயது நிறைந்ததுமே பிற்காப்பு விண்ணப்பத்தைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் வைக்கும் நடைமுறையை மாவட்டத்தில் உருவாக்குகிறோம். முன்பு இதே இல்லங்களில் வளர்ந்தவர்கள் அந்த விண்ணப்பத்தை எழுத உதவுகிறார்கள்." யார், எதை, எப்போது மாற்றுகிறார்கள் என்பது இரண்டு வரியில் தெரிந்துவிடுகிறது.

படி 4: பரிந்துரையும் நேர்காணல்களும்

இணையத்தில் பரிந்துரைப் படிவம் உண்டு. உங்களை நீங்களே பரிந்துரைத்துக்கொள்ளலாம், கூச்சம் வேண்டாம். பிறகு உள்ளூர்க் குழு உங்களைச் சந்தித்து, பணியிடத்தையும் பார்க்கும். அடுத்து வேறு நாட்டைச் சேர்ந்த மூத்த பிரதிநிதி ஒருவர் நீண்ட நேரம் பேசுவார். அதன்பின் தேர்வுக் குழு, இறுதியில் நிர்வாகக் குழுவின் ஒப்புதல். மாதக்கணக்கில் நீளும். கைச்செலவுக்கு வழி செய்துவிட்டு இறங்குங்கள்.

படி 5: அனுப்புவதற்கு முன்

பிள்ளைகளின் பெயர், முகம், பள்ளி, இல்லத்தின் முகவரி எதுவும் விண்ணப்பத்தில் வரக்கூடாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, ஊடகங்களில் அவர்களின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடை செய்கிறது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். விண்ணப்பம் ஊடகம் இல்லையே என்று வாதாடாதீர்கள்; அது எத்தனை கைகள் மாறும் என்று நமக்குத் தெரியாது. 18 கடந்தவர்களின் அனுபவத்தை எழுதுவதாக இருந்தால், எழுதியதை அவர்களிடம் படித்துக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். ஒரு வரியை எடுக்கச் சொன்னால் எடுத்துவிட்டு அனுப்புங்கள்.