கீழே கிடக்கும் குஞ்சை எடுப்பதற்கு முன்

ஆடிக் காற்று பலமாக வீசும் நாள்களில் மதுரையைச் சுற்றியுள்ள தோப்புகளிலும் தெருவோர வேப்பமரத்தடிகளிலும் மைனா, சின்னான், தவிட்டுக்குருவிக் குஞ்சுகள் விழுந்து கிடப்பதுண்டு. கண்டதும் வீட்டுக்கு எடுத்துப்போகக் கை துடிக்கும். ஆனால் முதலில் இறகைப் பார்க்க வேண்டும். உடல் முழுதும் இறகு மூடி, குட்டை வாலுடன் தத்தித் தத்தி நகரும் குஞ்சு பறக்கப் பழகிக்கொண்டிருக்கிறது; தாயும் தந்தையும் அருகிலிருந்தே இரை ஊட்டும். பூனையும் நாயும் எட்டாத புதரிலோ கிளையிலோ அதை ஏற்றி வைத்துவிட்டு, நாம் தள்ளி நின்று இரண்டு மணி நேரம் கவனித்தால் போதும்.

இறகு முளைக்காத குஞ்சாக இருந்தால் கூட்டிலேயே திரும்ப வைக்க வேண்டும். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வது உண்மையன்று. கூடு சிதைந்திருந்தால், ஒரு பனையோலைக் கொட்டானில் காய்ந்த புல்லைப் பரப்பி, மழைநீர் வடியும்படி அடியில் துளையிட்டு, அதே மரத்தில் நிழலான கிளையில் கட்டலாம்.

நான் பள்ளியில் படித்தபோது வண்டியூர்க் கண்மாய்க் கரையில் எடுத்துவந்த மைனாக் குஞ்சுக்கு இங்க் ஃபில்லரால் பால் புகட்டினேன். விடிவதற்குள் அது இறந்துவிட்டது. பால் பறவைகளுக்குச் செரிக்காது என்பதும், மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருப்பதால் ஊற்றும் நீர் நுரையீரலுக்குள் போய்விடும் என்பதும் அன்று எனக்குத் தெரியாது. ஆகவே காயம்பட்ட பறவைக்கு உணவோ நீரோ வாயில் புகட்ட வேண்டாம்.

அதற்குத் தேவை இருட்டும் அமைதியும். காற்றுத்துளையிட்ட அட்டைப்பெட்டியில் பருத்தித் துணி விரித்துப் பறவையை வைத்து மூடிவிட வேண்டும். இறகில்லாத குஞ்சுக்கு மட்டும் வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வைக்கலாம். கண்ணாடி சன்னலில் மோதி மயங்கிய பறவை பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் தெளிந்து பறந்துவிடும். மாஞ்சாக் கயிறு சிக்கியிருந்தால் இழுக்கக் கூடாது, ஏனெனில் இழுக்க இழுக்கச் சதை அறுபடும். இரு பக்கமும் கத்தரித்துவிட்டு, சதைக்குள் புதைந்த பகுதியை மருத்துவரிடம் விட்டுவிட வேண்டும். பூனை கவ்விய பறவைக்கு வெளியே காயம் தெரியாவிட்டாலும் அதன் பல்லிலுள்ள கிருமி உயிரைப் பறிக்கக்கூடும் என்பதால் அன்றைக்கே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோவது அவசியம்.

மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டிக் குன்றுகளில் காணப்படும் வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகளிடம் அலகைவிடக் கால் நகங்களே ஆபத்தானவை. தடித்த துண்டைப் போர்த்தி, இறக்கைகளை உடலோடு அணைத்து, கால்களைப் பற்றியே தூக்க வேண்டும். மார்பை இறுக்கினால் பறவையால் மூச்சுவிட முடியாது.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கைக்கு வந்த காட்டுப் பறவையைப் பற்றி 48 மணி நேரத்துக்குள் வனத்துறைக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும். பச்சைக்கிளிக் குஞ்சைக் கூண்டில் வைத்து வளர்ப்பது, எவ்வளவு அன்போடு செய்தாலும், குற்றமே.