ஞாயிறு விடியற்காலைச் சண்டைக்கு முதல் பெட்: டர்பனிலிருந்து ஒரு செய்முறை

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் நான் குடியிருக்கும் தெருவில் 2025 ஆகஸ்ட் 17 ஞாயிறு விடிவதற்கு முன்பே நாலு வீட்டில் விளக்கு எரிந்தது. சிக்காகோவில் அப்போது சனிக்கிழமை இரவு. அடி, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த யுஎஃப்சி சண்டையில் தென்னாப்பிரிக்கர் டிரிகஸ் டு பிளெசி தன் மிடில்வெயிட் பட்டத்தை ஹம்சத் சிமாயெவிடம் பறிகொடுத்தார். மூன்று நடுவர்களும் 50-44 என்று எழுதினார்கள். 25 நிமிடச் சண்டையில் 21 நிமிடத்துக்கு மேல் நம்மவர் தரையில் சிமாயெவ் பிடியில்தான் கிடந்தார்.

அந்தச் சண்டையில் டு பிளெசி மேல் 300 ரேண்ட் போட்டிருந்தேன். ஏன் போட்டீர்கள் என்று கேட்டால் 'நம்ம ஆளு' என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. "அவர் பிரிட்டோரியாவில் பயிற்சி எடுக்கிறவர், நீங்க திருநெல்வேலி. இதில் 'நம்ம' எங்கே வந்தது?" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்கப்புறம்தான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்காக அதை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: கணக்கு திறப்பது

தென்னாப்பிரிக்காவில் ஆன்லைனில் விளையாட்டுப் பந்தயம் கட்ட வயது 18 ஆகியிருக்க வேண்டும். பந்தய நிறுவனங்களுக்கு உரிமம் தருவது மாகாண வாரியங்கள். தளத்தின் அடிப்பகுதிக்குப் போய் எந்த மாகாணத்தின் உரிமம், என்ன எண் என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். வாட்ஸப் குழுவில் வரும் 'டபுள் போனஸ்' லிங்குகள் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

அடுத்தது ஃபிக்கா, அதாவது நீங்கள் யார் என்று சரிபார்க்கும் சட்ட நடைமுறை. அடையாள அட்டை, இல்லையென்றால் பாஸ்போர்ட்டும் விசாவும், அதோடு முகவரிச் சான்று. காசு போடும் முன்பே இதை முடித்துவிடுங்கள். நான் ஒரு தளத்தில் முதலில் காசு போட்டுவிட்டு, ஜெயித்த பிறகு எடுக்கப் போனேன். வாடகை ஒப்பந்தத்தில் என் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. மூன்று வாரம் இழுத்தடித்தார்கள். நண்பர் கணக்கில் போடலாம் என்ற யோசனையும் வேண்டாம், கணக்கே முடங்கும்.

வரவேற்பு போனஸை நான் தொடுவதில்லை. அதை எடுக்க முன்கூட்டியே எத்தனை முறை சுற்றிப் பந்தயம் கட்ட வேண்டும் என்பது சிறிய எழுத்தில் இருக்கும்.

படி 2: ஒரு தொகையை ஒதுக்குவது

போனால் வீட்டில் யாரும் கவனிக்காத தொகையாக இருக்கட்டும். எனக்கு அது 2000 ரேண்ட். ஒரு பெட்டுக்கு 20, ரொம்ப நம்பிக்கை என்றால் 40. தளத்தின் செட்டிங்ஸில் டெபாசிட் உச்சவரம்பு வைக்கும் வசதி இருந்தால் முதல் நாளே வைத்துவிடுங்கள், தோற்ற நாளில் வைக்கத் தோன்றாது. விட்டதைப் பிடிக்கிறேன் என்று கை தானாகப் போகிறதென்றால் 0800 006 008 என்ற இலவச எண்ணில் பேசலாம், நாட்டின் பொறுப்பான சூதாட்டத் திட்டத்தினர் எடுப்பார்கள். உங்களைத் தடை செய்யச் சொல்லி நீங்களே எழுதிக்கொடுக்கவும் வழி உண்டு.

படி 3: ஆட்ஸை, அதாவது பந்தய விலையைப் படிப்பது

இதில்தான் நிதானம் வேண்டும். பக்கத்து வீட்டு அங்கிள் நாற்பது வருடமாகக் கிரேவில் மைதானத்தில் குதிரைப் பந்தயம் பார்ப்பவர். ஜூலை முதல் சனிக்கிழமை 'டர்பன் ஜூலை' என்ற குதிரைப் பந்தயம் வந்தால் அவரைக் கையில் பிடிக்க முடியாது. அவர் வாயில் '15க்கு 10' என்றுதான் வரும். அதாவது 10 ரேண்ட் கட்டினால் 15 லாபம். சண்டைத் தளங்களில் அதையே 2.50 என்று போடுவார்கள், கட்டிய காசும் சேர்ந்தது அது. 100 கட்டி ஜெயித்தால் கைக்கு வருவது 250.

இப்போது கால்குலேட்டரை எடுங்கள். ஒரு சண்டையில் 'அ' வீரருக்கு 1.55, 'ஆ' வீரருக்கு 2.50 என்று வைத்துக்கொள்வோம். 1ஐ ஆட்ஸால் வகுத்தால் அந்த விலை சொல்லும் வாய்ப்பு வரும். 1 வகுத்தல் 1.55, கிட்டத்தட்ட 64.5 சதவீதம். 1 வகுத்தல் 2.50, சரியாக 40. கூட்டினால் 104.5. மொத்த வாய்ப்பு நூறுதானே, மிச்சம் 4.5 எங்கிருந்து வந்தது? அது பந்தயக் கடைக்காரர் கமிஷன். எந்தப் பக்கம் கட்டினாலும் இதைத் தாண்டித்தான் நீங்கள் லாபம் பார்க்க வேண்டும். அங்கிளிடம் இந்தக் கணக்கைக் காட்டியபோது கொஞ்ச நேரம் பேசவேயில்லை. பிறகு, "நாப்பது வருஷமா?" என்றார்.

படி 4: எதன் மேல் கட்டுவது

யார் ஜெயிப்பார் என்பது எளிய பந்தயம், ஆரம்பத்தில் அதோடு நில்லுங்கள். எப்படி ஜெயிப்பார் (நாக்அவுட், பிடி, நடுவர் தீர்ப்பு) என்பதற்கு விலை கொழுத்திருக்கும், கமிஷனும் கொழுத்திருக்கும்.

சண்டை இத்தனை ரவுண்டைத் தாண்டுமா (ஓவர்), அதற்குள் முடியுமா (அண்டர்) என்ற பந்தயத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். சாதாரணச் சண்டை 5 நிமிட ரவுண்டுகள் மூன்று, பட்டத்துக்கு ஐந்து. 2.5 ரவுண்டு என்றால் மூன்றாம் ரவுண்டில் 2 நிமிடம் 30 விநாடி. ஒரு தடவை 'அண்டர் 2.5' கட்டியிருந்தேன். மூன்றாம் ரவுண்டில் ஒருவர் கழுத்தைப் பிடித்து நெரிக்கிறார், மற்றவர் முகம் சிவந்து, தோல்வியை ஒப்புக்கொண்டு கையால் தட்டிக் காட்டுகிறார், நான் துள்ளிக் குதித்தேன். திரையில் கடிகாரம் 2:40 ஓடியிருந்தது. பத்து விநாடியில் போச்சு.

நாலைந்து சண்டையைச் சேர்த்துக் கட்டும் மல்டி பார்க்க ஆசையாக இருக்கும். நாலு பேர், ஒவ்வொருவருக்கும் 1.40. பெருக்கினால் 3.84. ஆனால் ஒவ்வொருவரும் ஜெயிக்கும் உண்மையான வாய்ப்பு 68 சதவீதம் என்றால், நாலு பேரும் சேர்ந்து ஜெயிக்கும் வாய்ப்பு 21 சதவீதம்தான். தனித்தனியாகக் கட்டினால் 100 ரேண்டுக்குச் சராசரியாக 95 திரும்பும். மல்டியில் 82. கடைக்காரர் ஏன் அதைப் பெரிய எழுத்தில் விளம்பரம் செய்கிறார் என்று இப்போது புரியும்.

சண்டை சமனில் முடிந்தாலோ ரத்தானாலோ காசு திரும்புமா என்பதைத் தளத்தின் விதிகளில் படித்துவிடுங்கள், இடத்துக்கு இடம் மாறும்.

படி 5: விலையைப் பார்க்கும் முன் உங்கள் எண்ணை எழுதுவது

பழைய பள்ளி நோட்டு ஒன்று போதும். ஆட்ஸைப் பார்க்காமல் முதலில் 'ஆ ஜெயிக்க 46 சதவீதம்' என்று எழுதுங்கள். பார்த்துவிட்டு எழுதினால் கை விலையை ஒட்டியே போகும். பிறகு தளத்தைத் திறங்கள். 2.50 இருக்கிறதா? அது 40 என்கிறது, நீங்கள் 46 என்கிறீர்கள், கட்டலாம். 2.10 இருந்தால் அது 47.6. ஆள் பிடித்திருந்தாலும் விடுங்கள். 12 சண்டை உள்ள ஒரு இரவில் எனக்குக் கட்டத் தகுந்ததாக ஒன்றோ இரண்டோ அமையும், சில வாரம் ஒன்றுமே அமையாது.

அந்த 46 எங்கிருந்து வரும்? யுஎஃப்சி ஸ்டாட்ஸ் பக்கத்தில் நிமிடத்துக்கு எத்தனை அடி, கீழே தள்ள வந்தால் எத்தனை சதவீதம் தடுக்கிறார் என்பதெல்லாம் இருக்கிறது. நான் முதலில் பார்ப்பது அந்தத் தடுப்பு சதவீதத்தைத்தான். ஆனால் யாரைத் தடுத்தார் என்று பாருங்கள். மல்யுத்தமே தெரியாதவர்களைத் தடுத்து வந்த 80, சிமாயெவ் மாதிரி ஒருவர் முன் 80 ஆகாது. அப்புறம் வயது, கடைசியாக எப்போது மயங்கி விழுந்தார், கடைசி நேர மாற்று ஆளாக வருகிறாரா, மூன்றாம் ரவுண்டில் வாய் திறந்து மூச்சு வாங்குகிறவரா. கடைசியானதற்குப் புள்ளிவிவரம் கிடையாது, பழைய சண்டைகளை உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

நடுவர்கள் ரவுண்டுக்கு 10-9 கணக்கில், ரவுண்டை ஜெயித்தவருக்கு 10, மற்றவருக்குப் பெரும்பாலும் 9 என்று எழுதுவார்கள். அடியும் பிடியும் எவ்வளவு பாதித்தன என்பது முதலில் வரும். முன்னேறி வருவதும் ஓரமாக அழுத்தி வைப்பதும் மற்றது சமமாக இருந்தால்தான். டு பிளெசி 2024 ஜனவரியில் டொராண்டோவில் ஷான் ஸ்டிரிக்லாண்டிடம் பட்டம் வாங்கியதே பிளவுபட்ட தீர்ப்பில்தான். ஒரு நடுவர் ஸ்டிரிக்லாண்டுக்கு எழுதியிருந்தார். நெருக்கமாகப் போகும் என்று தெரியும் சண்டையில் 1.40க்குப் பாய்வது எனக்குச் சரிப்படுவதில்லை.

உள்ளூர் ஈஎஃப்சி, டு பிளெசி இரண்டு எடைப் பிரிவுகளில் பட்டம் வைத்திருந்த அதே அமைப்பு. கட்டலாம், ஆனால் பார்த்துப் படிக்க வீடியோ குறைவு.

படி 6: வெள்ளிக்கிழமை எடை

லாஸ் வேகாஸில் சண்டை என்றால் வெள்ளி காலை 9 மணிக்கு எடை போடத் தொடங்குவார்கள். நமக்கு மாலை 6, அவர்கள் ஊர்க் குளிர்காலத்தில் 7. மிடில்வெயிட் 185 பவுண்டு, பட்டம் இல்லாத சண்டையில் ஒரு பவுண்டு சலுகை. தராசில் ஏறும் முகத்தைப் பாருங்கள். கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, துண்டைப் பிடித்து நிற்கிறவர் மேல் நான் கட்டுவதில்லை.

சனிக்கிழமை திடீரென்று விலை சரிந்தாலும் பின்னால் ஓடாதீர்கள். 2022 நவம்பரில் ஒரு யுஎஃப்சி சண்டைக்குச் சில மணி நேரம் முன் ஒரு பக்கமாகக் காசு குவிந்தது. வீரருக்குக் காலில் சொல்லாத காயம். முதல் ரவுண்டிலேயே முடிந்தது, நெவாடா ஆணையம் அவரை இடைநீக்கம் செய்தது. விலை சரியும்போது நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று அங்கே யாருக்கோ தெரிந்திருக்கலாம்.

படி 7: முடிந்த பிறகு நோட்டு

வாங்கிய விலை, சண்டை தொடங்கும்போது இருந்த விலை, முடிவு. மூன்றும் ஒரே வரியில். 2.50க்கு வாங்கியது தொடங்கும்போது 2.20க்கு இறங்கியிருந்தால் சந்தை உங்கள் பக்கம் வந்திருக்கிறது, அதற்கு நான் ஒரு டிக் போடுவேன். ஐம்பது வரி சேர்ந்த பிறகுதான் நோட்டு ஏதாவது சொல்லும்.

போன ஞாயிறு அங்கிள் வேலிக்கு அந்தப் பக்கம் ரொட்டியும் டீயுமாக நின்றார். அவர் ஆயா சொல்லிக்கொடுத்த தமிழில், "காசு போச்சா தம்பி?" என்றார். போச்சு அங்கிள் என்று நோட்டை நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"போச்சுன்னு எழுதிட்டு, பக்கத்துல என்னத்துக்கு டிக்கு?"