பிக்கப் இல்லாத பெட்ரோல் கார்: கம்ப்ரஷன் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி?

மேட்டில் வண்டி இழுக்கவில்லை, ஐட்லிங்கில் மிஸ்ஸிங் அடிக்கிறது. பிளக், காயில் மாற்றி, இன்ஜெக்டரும் கழுவியாகிவிட்டதா? அடுத்து சென்சார் வாங்க ஓடாதீர்கள். ஸ்கேனரில் பி0302 என்று வந்தால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று மட்டும்தான் பொருள். ஏன் என்பதை, சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை (கம்ப்ரஷன்) அளக்கும் கம்ப்ரஷன் கேஜ்தான் காட்டும்.

பிளக் துளையில் திருகி மாட்டும் ஹோஸ் வைத்த கேஜையே வாங்குங்கள். ரப்பர் முனையைக் கையால் அழுத்திப் பிடிக்கும் வகையில் காற்று கசியும். ரீடிங்கை நம்ப முடியாது. பெட்ரோல் கேஜை டீசல் இன்ஜினில் மாட்டவே கூடாது, அங்கே அழுத்தம் இரண்டு மடங்குக்கும் மேல்.

1. இன்ஜினைச் சூடாக்கி அணைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். பிளக் குழிகளில் உள்ள மண்ணைக் காற்றடித்து ஊதிவிட்டு எல்லா பிளக்கையும் கழற்றுங்கள்.

2. ஃபியூயல் பம்ப் ஃப்யூஸை எடுங்கள், காயில் கனெக்டர்களைப் பிரியுங்கள். இதை விட்டால் எரியாத பெட்ரோல், எக்ஸாஸ்ட் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போகும். பிளக் துளையில் தீப்பிடிக்கவும் கூடும்.

3. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி, கேஜ் மாட்டிய சிலிண்டர் ஐந்தாறு முறை அழுத்தும் வரை ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள்.

பலரும் தவறுவது இந்த மூன்றாவதில்தான். த்ராட்டில் (இன்ஜினுக்குள் காற்றை விடும் தட்டு) மூடியிருந்தால் உள்ளே காற்றே போகாது. நல்ல இன்ஜினும் செத்த இன்ஜின் மாதிரி காட்டும். எலக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள சில வண்டிகளில் மிதித்தாலும் தட்டு முழுக்கத் திறக்காது. ஏர் ஹோஸைக் கழற்றிக் கண்ணால் பாருங்கள். பேட்டரி சோர்ந்திருந்தாலும் இதே கதைதான். எல்லா சிலிண்டரும் ஒரே அளவில் குறைவாக வந்தால் முதலில் இந்த இரண்டையும் சரிபார்த்து மறுபடி எடுங்கள். அப்படியும் குறைவென்றால் ரிங்ஸ் (பிஸ்டனைச் சுற்றி அழுத்தம் கசியாமல் அடைக்கும் வளையங்கள்) மொத்தமாகத் தேய்ந்திருக்கலாம், அல்லது வால்வு திறக்கும் நேரத்தை ஒழுங்குபடுத்தும் டைமிங் செயின் பல் தாண்டியிருக்கலாம்.

நல்ல பெட்ரோல் இன்ஜின்களில் பெரும்பாலும் 150 முதல் 190 பிஎஸ்ஐ வரும். துல்லியமான அளவுக்கு உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல்தான். அதைவிட முக்கியம் சிலிண்டர்களுக்குள் உள்ள வித்தியாசம். 170, 165, 105 என்று வந்தால் மூன்றாவதில் கோளாறு உறுதி.

அந்தச் சிலிண்டரில் 5 மில்லி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். ரீடிங் நன்றாக ஏறினால் ரிங்ஸ் தேய்மானம். ஏறவில்லை என்றால் வால்வு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் குறைந்தால் நடுவே ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) போயிருக்க வாய்ப்பு அதிகம். ஆயிலை அதிகமாக ஊற்றாதீர்கள். இடத்தை அடைத்து ரீடிங்கைப் பொய்யாக ஏற்றிவிடும்.

சிஎன்ஜி வண்டிக்காரர்கள் கவனிக்க: எக்ஸாஸ்ட் வால்வு சீட் தேய்ந்து வால்வு மேலேறினால் டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் திறக்கும் பாகத்துக்கும் நடுவே விடும் சிறு இடம்) குறைந்துகொண்டே வரும். கடைசியில் சூட்டில் வால்வு முழுக்க மூடாது. ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்கும் முன், ஆறிய இன்ஜினில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வால்வு கருகாத வரை டேப்பட் அட்ஜஸ்ட்மெண்டிலேயே பல வண்டிகள் சரியாகிவிடும். இந்த இடைவெளியை ஆயில் அழுத்தத்தில் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர் உள்ள இன்ஜின்களில் இந்த அட்ஜஸ்ட்மெண்ட் கிடையாது.

கம்ப்ரஷன் எல்லாம் சரி, ஆனாலும் இழுவை இல்லையா? சிலிண்டர்களுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டில், உறிஞ்சலை அளக்கும் வேக்குவம் கேஜ் மாட்டி 2,500 ஆர்பிஎம்மில் நிறுத்திப் பிடியுங்கள். முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் எக்ஸாஸ்ட் அடைத்திருக்கிறது. கன்வெர்ட்டரைக் கழற்றிப் பாருங்கள்.