ஷவர்ல தண்ணி சொட்டுதா? பம்ப் வாங்குறதுக்கு முன்னாடி இதப் பாருங்க

தென்னாப்பிரிக்காவுல டர்பன் ஊர்ல, அதுவும் அங்க சாட்ஸ்வொர்த் ஏரியா மாதிரி மேடு பள்ளமான எடத்துல இருக்கறவங்க ஷவர் வீக்கா வந்தா உடனே பம்ப் வாங்க ஓடுறாங்க, கொஞ்சம் பொறுங்க. மொதல்ல ஒரு 10 லிட்டர் பக்கெட்ட ஷவருக்கு அடியில வச்சு டைம் பாருங்க, ஒரு நிமிஷத்துல ரொம்பிட்டா ஓட்டம் நல்லாத்தான் இருக்கு, ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஆனாதான் பிரச்சன.

அப்புறம் ஷவர் ஹெட்டக் கழட்டிட்டு தண்ணியத் தொறங்க. வெறும் பைப்புல வேகமா வந்தா அடைப்பு ஹெட்டுலதான், ராத்திரி வெள்ள வினிகர்ல ஊறப்போட்டு காலைல பழைய டூத்பிரஷ்ல தேய்ங்க. சப்ளை கட்டாகி திரும்ப வந்தா மொத தண்ணி கலங்கலா வரும் பாருங்க, அந்த மண்ணெல்லாம் ஹெட்டுக்குள்ள இருக்கற சின்ன வலையிலதான் போய் உக்காரும்.

பச்சத்தண்ணி நல்லா வருது, சுடுதண்ணி மட்டும் நூலாட்டம் வருதுன்னா சந்தேகமே வேணாம், கீசர் பக்கம் பாருங்க. அங்க பிரஷர் கன்ட்ரோல் வால்வு இருக்கும், இங்க பெரும்பாலும் 400 கேபிஏ (கிலோபாஸ்கல், தண்ணி அழுத்தத்தோட அளவு), அதோட ஃபில்டர்ல குப்ப சேந்திருக்கும். இதுல மட்டும் நீங்களே கை வைக்காதீங்க, பிளம்பரக் கூப்பிடுங்க.

ஜோஜோ டேங்க், அதாவது தண்ணி சேத்து வைக்கிற பிளாஸ்டிக் டேங்க், வச்சிருந்தா கத வேற, டேங்க் தண்ணி ஷவருக்கு மேல இருக்கற ஒவ்வொரு மீட்டர் ஒசரத்துக்கும் சுமார் 10 கேபிஏதான் கெடைக்கும், அங்க பம்ப் வேணும்தான்.